ரோமர் 13:4 மரண தண்டனையைக் கட்டாயமாக்குகிறதா?

இல்லை. அரசிடம் பட்டயம் (வாள்) இருப்பதை, ரோமருக்குக் கடிதம் எழுதிய பவுல் அந்த வசனத்தில் ஒப்புக்கொள்கிறார், அவ்வளவுதான். கொலைகாரனைக் கொன்றே ஆகவேண்டும் என்ற கட்டளை அங்கே இல்லை. கட்டாயமாக்குகிறது என்று சொல்லும் உங்கள் வேதபாட நண்பர் அந்த வசனத்தின் மேல் அளவுக்கு மீறி பாரம் ஏற்றுகிறார்.

முன்பின் சேர்த்து வாசிக்கவிடாமல் அதிகார எண்தான் அவரைத் தடுக்கிறது என்று நினைக்கிறேன். 13-ஆம் அதிகாரம் என்றதும் புதுப் பேச்சு என்று தோன்றிவிடுகிறது. ஆனால் 12:19-இல் பழிவாங்காதீர்கள் என்ற பவுல், 13:6-இல் வரி செலுத்துவதைப் பற்றிப் பேசுகிறார். பட்டயம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வருகிறது.

12:14 முதல் 13:10 வரை நிறுத்தாமல் வாசியுங்கள். மனித இரத்தம் சிந்துகிறவனின் இரத்தம் மனிதனாலே சிந்தப்படும் என்கிற ஆதியாகமம் 9:6-க்கு நண்பர் தாவினால், அதே ஆதியாகமத்தின் 4:15-ஐக் காட்டுங்கள். தம்பியைக் கொன்ற காயீனை யாரும் கொன்றுவிடாதபடி கர்த்தரே அவன்மேல் அடையாளம் போடுகிறார். இதற்கு அவர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள்.

ஒன்று, விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைக் கல்லெறியாமல் இயேசு காப்பாற்றும் யோவான் 8-ஐ முதல் ஆயுதமாக எடுக்காதீர்கள். மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் அந்தச் சம்பவம் இல்லை, அங்கேயே மடக்கிவிடுவார். சபைகளும் ஒருமனப்படவில்லை: அமெரிக்காவின் தெற்கு பாப்டிஸ்டுகள் 2000-இல் மரண தண்டனையை ஆதரித்துத் தீர்மானம் போட்டார்கள், கத்தோலிக்கத் திருச்சபை 2018-இல் ஏற்கத் தகாதது என்றது.