கதிரை அடுக்கப் போன இடத்தில்

தங்கச்சி, உங்கள் கேள்வியை மட்டக்களப்பு தாண்டவன்வெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்துதான் வாசித்தேன். மூன்று கிழமை லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். பதில் பிந்தியதற்கு அதுதான் காரணம். காலையில் ஒருவர், பின்னேரம் ஒருவர் என்று ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தே பொழுது போய்விடுகிறது.

நான் விளங்கிக்கொண்டது இதுதான். நீங்கள் கல்லாற்றுப் பிள்ளை, மெதடிஸ்த குடும்பம். கலியாணம் முடித்துச் சுவிசில் பேர்ணுக்கு வந்து எட்டு மாதம். கணவருக்கு ரெஸ்டோரண்டில் வேலை, ஞாயிற்றுக்கிழமையும் போக வேண்டும். அன்றைக்குக் கடையெல்லாம் பூட்டு, தெருவில் ஆள் இல்லை, வீட்டில் நீங்கள் தனிய. பக்கத்துச் சுவிஸ் தேவாலயத்துக்கு ஒரு நாள் போய்ப் பார்த்தீர்கள். வயசானவர்கள் பதினைந்து பேர் இருந்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு தமிழ்ச் சபைக்குப் போனீர்கள். மைக்கும் ட்ரம்ஸும் அடித்த அடியில் தலையிடியோடு திரும்பினீர்கள். "ஊரில கோயிலுக்குள்ள போய் இருந்தாலே மனசு ஆறும். இங்க அந்த அமைதி எங்க அண்ணா கிடைக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லுகிறேன், கோபிக்கக் கூடாது. ஊர்க் கோயில் எப்போது அமைதியாக இருந்தது?

இன்று காலையில்தான் காணிக்கை மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போய் வந்தேன். பிரசங்கம் தொடங்க ஒரு பிள்ளை வீரிட்டு அழுதது. கூரையில் காகம். மேலே சுற்றுகிற காற்றாடி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை கிறீச்சிட்டது. பிந்தி வந்த ஒருவர் மோட்டார் சைக்கிளை வாசலிலேயே நிறுத்திப் பெரிய சத்தத்தோடு ஸ்டாண்ட் போட்டார். எனக்கு முன் வாங்கில் இருந்த அம்மா, நற்கருணைக்கு எழும்புகிற நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்து, "எப்ப வந்த மனே?" என்று கேட்டார். அமைதி என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் எழும்பி வெளியே வரும்போது நெஞ்சு லேசாக இருந்தது.

போர்க்காலத்தை நினைத்துப் பாருங்கள். 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில், புளியந்தீவு மரியன்னை ஆலயத்துக்குள்ளேயே பாராளுமன்ற உறுப்பினர் யோசப் பரராசசிங்கத்தைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்கு முந்திய வருடம் நத்தாருக்கு அடுத்த நாள் சுனாமி. இவ்வளவுக்குப் பிறகும் சனம் கோயிலுக்குப் போனது. போய், நீங்கள் சொல்லுகிற அதே ஆறுதலோடு வீட்டுக்கு வந்தது. அப்படியென்றால் சத்தம் இல்லாததால் வந்த ஆறுதல் இல்லை அது.

என் யோசனைப்படி, ஊரில் கோயிலுக்குள் நீங்கள் விருந்தாளி இல்லை. அம்மம்மா இருந்த வாங்கு உங்களுக்குத் தெரியும். ஞாயிறு பள்ளிக்குப் பாய் விரித்திருப்பீர்கள், நத்தாருக்குக் கடதாசிப் பூ ஒட்டியிருப்பீர்கள், கூட்டிப் பெருக்கியிருப்பீர்கள். சுவிஸ் தேவாலயத்தில் கடைசி வாங்கில் வெளி ஆள் மாதிரி இருந்து, 'அமைதி வருகிறதா' என்று உங்களையே நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அது வராது. எனக்கும் வரவில்லை, எட்டு வருடம்.

நான் 1996இல் சுவிசுக்கு வந்தவன். முதலில் அகதி முகாம், பிறகு ஓல்டனில் ஓர் அறை, முதியோர் இல்லச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமையில் உடுப்புத் தோய்த்ததற்காகப் பக்கத்து வீட்டுக்காரர் கதவில் கடிதம் ஒட்டிய நாளில், இந்த நாட்டில் ஞாயிறு என்றால் என்ன என்று படித்துக்கொண்டேன். போத்தலைக்கூட அன்றைக்குத் தொட்டியில் போடக் கூடாது, கண்ணாடி உடைகிற சத்தம் கேட்கும். ஒரு நாடே மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கிற மாதிரி. அதற்குள் இருந்துகொண்டு எனக்குப் பைத்தியம் பிடிக்கப் பார்த்தது.

மாதம் ஒரு முறை பக்கத்து நகரத்தில் தமிழ்ப் பூசை நடக்கும். இரண்டு ரயில் மாறிப் போவேன். பாட்டு நம்முடைய பாட்டு, அதைக் கேட்டு அழுதிருக்கிறேன். ஆனால் பூசை முடிந்து ரோல்ஸ் தருகிற இடத்தில் விசாரணை தொடங்கும். எந்த ஊர், யாரின் மகன், என்ன விசா, எவ்வளவு சம்பளம். 'பிறகு' என்பதற்கு நான் வாய் தவறி நம்முடைய ஊர்ப் பேச்சில் 'மறுகா' என்று சொன்னால் பகிடி பண்ண இரண்டு பேர் எப்போதும் இருப்பார்கள். மட்டக்களப்பான் என்றால் அவர்களுக்கு அப்படி ஒரு சிரிப்பு. ஒரு நாள் என் கலியாணப் பேச்சை எனக்கே தெரியாமல் யாரோ பேசி முடித்திருந்தார்கள். அதோடு ஒரு வருடம் போகவில்லை. இப்போது போகிறேன். பகிடி பண்ணினவர்களுக்கும் தலை நரைத்துவிட்டது, ஒன்றாக இருந்து ரோல்ஸ் சாப்பிடுகிறோம்.

சுவிஸ் கோயிலுக்குள் நான் உள்ளே போன கதை இது. நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலத்தில் சுவிஸ் கத்தோலிக்கக் கோயில்களில் ரோராத்தே என்று ஒரு பூசை வைப்பார்கள். டிசம்பர் மாதம், விடிய முன்னம், நல்ல இருட்டு. மின்விளக்கு ஒன்றும் போட மாட்டார்கள், மெழுகுதிரி வெளிச்சம் மட்டும்தான். எனக்கு வேலை ஏழரைக்கு. குளிருக்குப் பயந்துதான் ஒரு நாள் உள்ளே போனேன், உண்மையைச் சொல்லுகிறேன். கதவைத் திறந்தால் நம்முடைய ஊரில் கரண்ட் நின்றுபோன இரவு. அதே மெழுகு மணம், அதே மாதிரிச் சுவரில் ஆடுகிற நிழல். எங்கள் அப்பா பெரிய வியாழன் இரவில் முழந்தாளில் நிற்கிற முதுகு கண்ணுக்குள் வந்தது. நான் அன்றைக்குச் செபம் ஒன்றும் சொல்லவில்லை.

பூசை முடிந்ததும் மண்டபத்தில் காலைச் சாப்பாடு: பின்னல் பாண், வெண்ணெய், கோப்பி. நான் நழுவப் பார்த்தேன். கோயிலைத் திறந்து பூட்டுகிற மனிதர் என்னை மறித்து, ஒரு கதிரை அடுக்கைக் காட்டி, கையால் 'இரண்டு பேர் தூக்குவமா' என்று கேட்டார். அவருக்கு முதுகுவலி. நான் தூக்கினேன். அடுத்த கிழமையும் தூக்கினேன். பிறகு கோப்பைகளை எடுத்து வைக்கிற வேலை என்னுடையதானது. மூன்றாம் வருடம் மண்டபத் திறப்பு, அதாவது சாவி, ஒன்று என் கையில் தந்தார்கள். சுவிஸ்காரர் ஒருவர் உங்களிடம் திறப்பைத் தருகிறார் என்றால் அது என்னவென்று, இன்னும் கொஞ்ச நாள் இருந்து பாருங்கள், விளங்கும். எனக்குப் பாஸ்போர்ட் கிடைத்த நாளில்கூட அந்தச் சந்தோசம் வரவில்லை.

கோப்பைகளை அடுக்கிவிட்டு, ஆட்கள் வர முன்னம் கோயிலுக்குள் போய்ப் பத்து நிமிடம் இருப்பேன். ஒன்றையும் தேடிப் போகவில்லை, கால் ஓய்ந்து இருக்கப் போனேன். நீங்கள் கேட்கிற அந்தச் சாமான் எனக்கு அந்தப் பத்து நிமிடத்தில்தான் கிடைத்தது. எந்த நாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

'ஒருவரும் வாய் திறக்கவில்லை' என்ற உங்கள் முறைப்பாட்டுக்கும் ஒரு பதில் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. சுவிசில் விடிய முன்னமே தொலைபேசி அடித்தது. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துவிட்டது என்று அக்கா அழுகிறாள். முப்பது பேரளவில் போய்விட்டார்கள், ஞாயிறு பள்ளி முடித்து வெளியே நின்ற பிள்ளைகள் பலர் அதில். எங்கள் ஆட்கள் தப்பினார்கள். ஆனால் நம்முடைய ஊரில் அப்படிச் சொல்ல முடியுமா? எல்லாரும் எங்கள் ஆட்கள்தானே.

மண்டபத் திறப்பு என்னிடம் இருந்தபடியால்தான் அன்றைக்குக் கோயிலுக்குப் போனேன், இல்லாவிட்டால் கட்டிலை விட்டு எழும்பியிருக்க மாட்டேன். பூசைக்குள் இருக்க முடியவில்லை. குசினியில் நின்று கழுவிய கோப்பைகளைத் திரும்பவும் கழுவினேன். ஒரு கிழவி வந்தார். பத்துப் பன்னிரண்டு வருடமாக எனக்கு 'குரூட்சி' என்ற ஒரு வணக்கத்துக்கு மேல் சொல்லாதவர். கொக்கியில் கிடந்த துணியை எடுத்தார், என் பக்கத்தில் நின்றார், நான் கழுவக் கழுவத் துடைத்தார். ஒவ்வொரு கோப்பையையும் உள்ளே ஒரு சுற்று, வெளியே ஒரு சுற்று, காதுப் பிடியை விரலால் தனியாக. முப்பது கோப்பைக்கு மேல் இருக்கும். ஒரு வார்த்தை இல்லை. முடிந்ததும் துணியை நாலாக மடித்து வைத்தார், என் சட்டைக் கையை இரண்டு தரம் தட்டினார், போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த ஆட்களின் வாய் மூடலை நான் குறையாகப் பார்த்ததில்லை.

மறுகா, உங்கள் விஷயத்துக்கு வருவோம். நீங்கள் மெதடிஸ்த பிள்ளை என்றால் சுவிசிலும் மெதடிஸ்த திருச்சபை இருக்கிறது, பேர்ணிலும் இருக்கிறது. நீங்கள் போனது பெரும்பாலும் சீர்திருத்தத் திருச்சபையாக இருக்கும். பேர்ண் பெரிய தேவாலயம்கூட அவர்களுடையதுதான். மெதடிஸ்த சபை சின்னது. சின்ன இடத்தில் புது முகம் ஒளிய முடியாது, உங்களுக்கு இப்போது அதுதான் நல்லது. அப்புறம் ஒரு காசு விஷயம். கெமைண்டயில், அதாவது ஊராட்சிக் கந்தோரில், பதியும்போது உங்கள் சமயம் கேட்டிருப்பார்கள். சீர்திருத்தம் என்றோ கத்தோலிக்கம் என்றோ பதிந்திருந்தால் தேவாலய வரி வரும். மெதடிஸ்த சபை வரி எடுக்காது, அங்கத்தவர்கள் கொடுக்கிற காணிக்கையில்தான் நடக்கிறது. உங்கள் பதிவில் என்ன இருக்கிறது என்று கணவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சத்தமான தமிழ்ச் சபைகளை நான் இகழவில்லை. என் கூட்டாளி ஒருவன் குடியை விட்டது அப்படி ஒரு இடத்தில்தான். ஆனால் போன முதல் மாதமே தசமபாகம் என்று சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு கேட்டால், விசாவுக்குச் செபிக்கிறோம் என்று சொல்லி உங்கள் கடிதங்களை வாங்கிப் பார்த்தால், கணவர் வராதது பிசாசின் வேலை என்று சொன்னால், சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.

மரியஸ்டைன் மாதா யாத்திரைத் தலத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாசலில் இறங்கி 10ஆம் இலக்க ட்ராமில் ஃப்ளூ வரை போய், அங்கிருந்து பஸ். பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம், கோயிலிலிருந்து படியிறங்கிப் பாறைக் குகைக்குள் மாதாவிடம் போக வேண்டும். போகிற வழிச் சுவர் முழுக்க நன்றிக் கல்வெட்டுகள், 'மரியாள் உதவினாள்' என்று ஜெர்மனில். ஆகஸ்டில் தமிழர் யாத்திரை நடக்கும். சைவ ஆட்களும் குடும்பம் குடும்பமாக வருவார்கள், அம்மனிடம் வருகிற மாதிரி. அன்றைக்கு அங்கே அமைதி தேடாதீர்கள், ஆட்களைத் தேடுங்கள். அமைதி வேண்டுமென்றால் நவம்பரில் மழை பெய்கிற ஒரு செவ்வாய்க்கிழமை போங்கள். மாதாவெல்லாம் எங்களுக்கு எதற்கு என்று உங்கள் வீட்டில் கேட்டால், குகை பார்க்கப் போனேன் என்று சொல்லலாம்.

நேற்று புளியந்தீவில் வாவிக்கரையோடு நடந்தபோது வில்லியம் ஓல்ட் சிலைக்கு முன்னால் உங்கள் நினைவு வந்தது. உங்கள் சபைக்கு இங்கே வித்திட்ட மனிதர். 1814இல் இங்கிலாந்திலிருந்து வருகிற வழியிலேயே மனைவி கப்பலில் இறந்துவிட்டார். தனி ஆளாக மட்டக்களப்பில் வந்திறங்கினார். பாஷை தெரியாது, காய்ச்சல் வேறு. ஒரு வருடம்கூட முழுதாக இருக்கவில்லை, 1815 ஏப்ரலில் காலமாகிவிட்டார். அதற்குள் அவர் தொடங்கிய பள்ளிக்கூடம்தான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. அவருக்கு இந்த ஊரின் முதல் எட்டு மாதம் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துக்கொண்டே கல்லடிப் பாலம் வரை போனேன். இந்த வாவியில் மீன் பாடும் என்று சொல்லுவார்கள், அது பாடுகிறதா என்று பார்க்கத்தான். 1950களில் லாங் சுவாமி என்ற கத்தோலிக்கக் குரு அதை ஒலிப்பதிவு செய்தவர். துடுப்பைத் தண்ணீரில் விட்டு மற்ற நுனியைக் காதில் வைத்தால் கேட்கும் என்பார்கள். எனக்கு மோட்டார் சைக்கிள்தான் கேட்டது.

அடுத்த கிழமை ஆயித்தியமலை மாதா கோயில் திருவிழா. அக்காவின் பெடியன்களோடு வலையிறவுப் பாலத்தால் நடந்து போகப் போகிறேன், கால் என்ன சொல்லுகிறதோ தெரியாது. அதற்கு அடுத்த கிழமை திரும்பிவிடுவேன். ஞாயிறு ஒன்றில் மெதடிஸ்த சபைக்குப் போய், பூசை முடிய, உங்கள் பாஷையில் ஆராதனை முடிய, கோப்பி ஊற்றுகிற இடத்துக்கு நேரே போங்கள். 'நான் கழுவட்டுமா' என்பதற்கு ஜெர்மனில் நாலு சொல் போதும், கணவரிடம் கேட்டுப் பாடமாக்கிக்கொள்ளுங்கள்.

கல்லாற்றில் உங்கள் அம்மா ஏதும் தந்துவிடுவதாக இருந்தால் வெள்ளிக்கிழமைக்கு முன்னம் தாண்டவன்வெளிக்கு அனுப்பச் சொல்லுங்கள். கருவாடு என்றால் மூன்று பையில் சுற்றச் சொல்லுங்கள். போன முறை ஒருவருக்குக் கொண்டுபோய், என் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை இரண்டு மாதம் மணத்தது.