ஸ்ட்ராங் சூட்: கடிதமும் பதிலும்

வணக்கம் சார். மீட்டிங்கில் எங்கள் மேனேஜர் 'பேஷன்ஸ் இஸ் நாட் மை ஸ்ட்ராங் சூட்' என்றார். சூட் என்றால் கோட்டு சூட்டுதானே, பொறுமைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? பலம் என்று அர்த்தம் என்கிறார் பக்கத்து சீட் நண்பர். அப்படியென்றால் ரெஸ்யூமில் 'எக்செல் இஸ் மை ஸ்ட்ராங் சூட்' என்று போடலாமா?

- ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நண்பர் சொன்னது சரிதான். ஆனால் இந்த சூட் சீட்டாட்டத்திலிருந்து வந்தது. 52 சீட்டில் ஸ்பேட், ஹார்ட், டைமண்ட், கிளப் என்று நான்கு வகை, வகைக்கு 13. அந்த வகைக்குத்தான் சூட் என்று பேர். விஸ்ட் என்ற பழைய சீட்டாட்டம், அப்புறம் அதிலிருந்து வந்த பிரிட்ஜ், இரண்டிலும் நான்கு பேர், ஆளுக்கு 13 சீட்டு. 1742இலேயே எட்மண்ட் ஹாயில் விஸ்டுக்கென்று தனியாக ஒரு கையேடு போட்டிருக்கிறார்.

வந்த சீட்டை வகை வகையாக அடுக்கிப் பார்க்கும்போது ஏஸ், ராஜா, ராணி எல்லாம் எதில் சேர்ந்திருக்கிறதோ அதுதான் ஸ்ட்ராங் சூட். எண்ணிக்கை அதிகமாக இருப்பது லாங் சூட், திறமையைச் சொல்ல இதுவும் புழக்கத்தில் உண்டு. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது: ஹார்ட்டில் ஆறு சீட்டு உங்களிடம் இருந்தால் மற்ற மூன்று பேருக்கும் சேர்த்தே ஏழுதான், அந்த ஏழும் இறங்கித் தீர்ந்துவிட்டால், துருப்பு (மற்ற வகைகளை வெட்டும் வகை) இல்லாத ஆட்டத்தில், நீங்கள் ஹார்ட் இறக்கும்போது உங்கள் நாலும் ஐந்தும்கூட ஜெயிக்கும்.

ஆக, அடுத்தவரைவிட நான் கெட்டிக்காரி என்று இந்தத் தொடர் சொல்வதில்லை, எனக்கு வந்த சீட்டில் இது தேவலை என்றுதான் சொல்கிறது. அதனால்தான் 'நாட்' சேர்த்துச் சொல்லும்போது இன்னும் பாந்தமாக உட்காருகிறது, பேச்சில் அப்படித்தான் அதிகம் கேட்கலாம். 'பொறுமைக்கும் எனக்கும் ரொம்ப தூரம்' என்போமே, உங்கள் மேனேஜர் சொன்னது அதைத்தான், கொஞ்சம் நாசூக்காக. துருப்புச் சீட்டோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அது சமயம் பார்த்து இறக்குவது.

ரெஸ்யூமில் வேண்டாம். இது பேச்சுக்கான தொடர், அங்கே பார்ப்பவருக்கு எதுவும் சொல்லாது. பிவட் டேபிள் தெரியும், மாதாந்திர ஸ்டாக் ரிப்போர்ட் நான்தான் போடுகிறேன் என்று செய்த வேலையை எழுதுங்கள். இன்டர்வியூவில் தாராளமாகச் சொல்லலாம், ஆனால் சொன்ன கையோடு எக்செல்லில்தான் அடுத்த கேள்வி வரும், அதற்குத் தயாராகப் போங்கள்.