ஏரியைச் சுற்றும் காட்டுப்பாதை: கேட்டதும் சொன்னதும்

அக்கா, 8 கிலோமீட்டர் சுற்று. வலமாகப் போகலாமா, இடமாகவா?

எந்தக் கரை கரடுமுரடோ, அந்தப் பக்கமாக ஆரம்பியுங்கள். முழங்கால் புதுசாக இருக்கும்போதே ஏற்றமும் பாறையும் முடிந்துவிடும். இன்னொரு காரணமும் உண்டு. சுற்றுப்பாதையில் நாலாவது கிலோமீட்டர் வரைதான் திரும்பி வருவது லாபம்; அதைத் தாண்டிவிட்டால் முன்னால் போவதுதான் கிட்ட. நான் ஒருமுறை சுகமான கரையாகப் பார்த்து ஆரம்பித்தேன். ஆறாவது கிலோமீட்டரில் ஓடை இடுப்பளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வண்டி நின்ற இடம் இன்னும் இரண்டே கிலோமீட்டர். இறங்க மனசு வரவில்லை, வந்த ஆறையும் திரும்ப நடந்தேன். அந்த ஓடைப் பக்கமாக ஆரம்பித்திருந்தால் அரை மணியில் விஷயம் தெரிந்து வீட்டுக்குப் போயிருப்பேன்.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் கைகொடுக்கிறது. கிலோமீட்டரில் சொன்னால், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி. 12 கிலோமீட்டர் பாதை, மொத்தம் 300 மீட்டர் ஏற்றம் என்றால் கிட்டத்தட்ட மூன்று மணி. இதில் ஓய்வு சேராது. வேரும் சேறுமான காட்டில் நான் நாலு மணி என்றே வைத்துக்கொள்வேன்.

ஏரி பக்கத்திலேயே இருக்கும்போது வழி தவறுமா?

தவறும். ஏரி எப்போதும் கண்ணில் படாது. சதுப்பைச் சுற்றிக்கொண்டு பாதை காட்டுக்குள் நுழையும் இடம்தான் குழப்பமே. வலமாகச் சுற்றினால் ஏரி எப்போதும் வலக்கைப் பக்கம்; தண்ணீர் இடக்கைப் பக்கம் மினுங்கினால் நின்று யோசியுங்கள். புறப்படும் முன் வரைபடத்தில் ஓடைகளை எண்ணிக்கொள்ளுங்கள். ஏரிக்குள் வந்து விழும் ஓடைகள் பல இருக்கும், வெளியே போவது பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். அதைக் கடந்துவிட்டால் எங்கே நிற்கிறோம் என்பது சந்தேகமில்லாமல் தெரியும். இலையுதிர்ந்து தடம் மூடியிருந்தால், மரத்தில் அடித்திருக்கும் வண்ணக் குறி ஒன்றைப் பார்த்த பிறகு அடுத்தது தெரியாமல் வெகுதூரம் போகாதீர்கள். கடைசியாகப் பார்த்த குறிக்கே திரும்பி வந்து மறுபடி தேடுங்கள்.

பலகையில் 8 கிலோமீட்டர், என் போனில் 9.3. எது சரி?

அநேகமாகப் பலகை. அடர்ந்த மரங்களுக்கு அடியில் ஜிபிஎஸ் புள்ளி இப்படியும் அப்படியும் தாவும். அந்தத் தாவலையும் போன் நடையாக எண்ணிவிடும். விமானப் பயன்முறையில் போட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், பேட்டரியும் தாங்கும். வரைபடத்தை மட்டும் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏரித் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாமா?

ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் கிருமி சாகும். ஆனால் பச்சைப் பெயின்ட் கொட்டியது போல ஆடை படர்ந்த தண்ணீரைத் தொடவே வேண்டாம். அது நீலப்பச்சைப்பாசியாக இருக்கலாம். அதன் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. நாய் கூட வந்தால் அதையும் இறங்க விடாதீர்கள்.

உண்ணி கடித்தால் தீக்குச்சியால் சுடலாமா?

ஐயோ, வேண்டாம். எண்ணெயும் பூச வேண்டாம். நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ தடிப்போ வந்தால் மருத்துவரிடம் உண்ணி கடித்ததையும் சொல்லுங்கள். பாதையின் இருபக்கப் புல்லில் உரசாமல் நடுவில் நடந்தாலே பாதித் தொல்லை இல்லை.

இடி இடித்தால்?

கரையையும் தனி மரத்தையும் விட்டு விலகுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை கரைப்பக்கம் வராதீர்கள்.

அம்மாவுக்கு 62 வயது, முழங்கால் வலி. கூட்டிப் போகலாமா?

தாராளமாக. சுற்று வேண்டாம். சமமான கரையில் ஒன்றரை கிலோமீட்டர் போய், அப்படியே திரும்புங்கள். கைக்கோல் ஒன்று, உட்கார மடக்குப் பாய் ஒன்று. கரையில் விழுந்து கிடக்கும் மரக்கட்டை பார்க்கக் காய்ந்த மாதிரி இருக்கும், உட்கார்ந்தால் சேலை நனைந்துவிடும்.