கடை வெப்சைட் படுத்துவிட்டால் உடனே தெரிய என்ன வழி?

வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை, ஆன்லைன் ஆர்டரும் உண்டு; சைட் படுத்தால் கஸ்டமர் போன் செய்துதான் தெரிகிறது என்கிறீர்கள். எம்.சி. ரோட்டில் தீபாவளிக் கூட்டம் நெரியும்போது அப்படி ஆனால் வயிறு எரியத்தான் செய்யும்.

சைட் ஓடுகிறதா என்று விடாமல் பார்த்துச் சொல்லும் அப்டைம் கூமா போடுங்கள். இலவசம், திறமூல மென்பொருள். டாக்கர் (மென்பொருளைப் பெட்டிபோல் அடைத்து ஓட்டும் கருவி) இருந்தால் ஒரே கட்டளையில் ஏறிவிடும்; பிரவுசரில் 3001 போர்ட்டில் திறக்கலாம். ஆனால் சைட் ஓடும் அதே சர்வரில் வைக்காதீர்கள், இரண்டும் சேர்ந்தே படுக்கும். கடையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரும் வேண்டாம். கரண்ட் போனால் அதுவும் போச்சு. வேறொரு கம்பெனியின் சின்ன விபிஎஸ் (வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்) போதும்.

சோதிக்கும் இடைவெளி 60 விநாடி. ரீட்ரை, அதாவது எச்சரிக்கும் முன் மறுபடி சோதிக்கும் தடவை, 2 அல்லது 3 வையுங்கள். நான் அதை வைக்காமல் விட்டதில், ராத்திரி முழுக்க டெலிகிராம் கத்தித் தீர்த்தது. (டெலிகிராமில் பாட்ஃபாதர் என்ற கணக்கிடம் ஒரு பாட் (தானியங்கிக் கணக்கு) உருவாக்கி, அதன் டோக்கனையும் உங்கள் சாட் ஐடியையும் கூமாவில் ஒட்டினால் எச்சரிக்கை கைக்கே வரும்.)

பலர் கோட்டை விடுவது இங்கேதான்: ‘எல்லாம் சரி’ என்று சர்வர் சொல்லும் வெறும் 200 பதிலை நம்புவது. டேட்டாபேஸ் செத்துப் பக்கம் காலியாக வந்தாலும் சில சமயம் 200 தான் வரும். அதனால் பக்கத்தில் ஒரு சொல் இருக்கிறதா என்று பார்க்கும் கீவேர்ட் வகையைத் தேர்ந்து, பொருள் பட்டியலில் எப்போதும் இருக்கும் ஒரு சொல்லைக் கொடுங்கள், ‘சுங்குடி’ மாதிரி. சைட்டின் பாதுகாப்புச் (https) சான்றிதழ் காலாவதி எச்சரிக்கையையும் டிக் செய்துவிடுங்கள்.