ஒழுகும் மட்டுப்பா

கேள்வி: திருவனந்தபுரத்துக்கு ஒரு லாரி பேக்கர் கிடைத்தார். நம் குமரி மாவட்டத்தில் அந்தக் காலத்திலேயே அப்படி ஒரு ஆர்க்கிடெக்ட் ஏன் உருவாகவில்லை? ஒழுகுகிற மட்டுப்பாவுக்குக் கீழே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.
- ஒரு வாசகர், தக்கலை

பதில்: பேக்கரை அப்புறம் பார்ப்போம். முதலில் உங்கள் மட்டுப்பா, அதாவது தட்டையாக வார்த்த கான்கிரீட் கூரை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. இங்கே தண்ணீர் தேங்கும்படி தட்டையாகக் கூரை வார்ப்பது தப்பு என்று இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதிவிட்டேன். எழுதும்போதெல்லாம் கான்ட்ராக்டர்கள் கோபமாகக் கடிதம் போடுகிறார்கள். போடட்டும். மார்த்தாண்டத்தில் பஸ் ஏறி, நாகர்கோவில் வரை ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். லட்சக்கணக்கில் கொட்டி வார்த்த மாடிக்கு மேல் இரும்புக் குழாய் நட்டு ஷீட் போட்ட வீடுகள் எத்தனை! ஒரு வீட்டுக்கு இரண்டு கூரை. கீழே இருப்பது கௌரவத்துக்கு, மேலே இருப்பது மழைக்கு.

தக்கலைக்காரர் நீங்கள். பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கடைசியாக எப்போது போனீர்கள்? 1601-இல் தொடங்கி, மார்த்தாண்ட வர்மா காலத்தில் விரிந்த கட்டடம். நின்று பெய்தாலும் தண்ணீரைத் தங்கவிடாத சரிந்த ஓட்டுக்கூரை, சுவர் நனையாதபடி வெளியே நீண்டு தாழ்ந்த இறவானம், காற்றை விட்டுச் சாரலை மறிக்கும் மர அழிகள். ஓட்டைத் தாங்கும் அந்தச் சாய்வு மரங்களுக்கு, கழுக்கோல்களுக்கு, சரிவு குறித்த மூத்தாசாரிதான் நீங்கள் தேடும் ஆர்க்கிடெக்ட். ராஜா பெயரைப் பாடமாகப் படிக்கிறோம், அவர் பெயரை யாரும் கேட்பதில்லை. எனக்கு இது ஆறாத கோபம்.

சரி, பேக்கர். 1917-இல் பர்மிங்காமில் பிறந்தவர். 1945-இல் தொழுநோயாளிகளுக்கான கட்டட வேலைக்காக இந்தியா வந்தார். கல்யாணமானதும், டாக்டரான மனைவி எலிசபெத்தோடு இமயமலைப் பக்கம் பித்தோராகர் என்ற சின்ன ஊருக்குப் போய்ப் பதினாறு ஆண்டுகள் இருந்தார். அங்கே கல்லும் மண்ணும் மரமும் வைத்து ஊர்க்காரர்கள் கட்டிய வீடுகளைப் பார்த்ததும், தன் படிப்பு அந்த மலையில் போதாது என்று தெரிந்துகொண்டு அவர்களிடமே கற்றார். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கிற பொருளால் வீடு கட்ட வேண்டும் என்று காந்தி சொன்னதைக் கடைசிவரை விடவில்லை. பிறகு கேரளத்தில் செங்கலைக் குத்தாக நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பினார். அதில் கால்வாசிச் செங்கல் மிச்சம். கான்கிரீட்டுக்குள் ஓடு பதித்துக் கூரை போட்டார், அதில் சிமெண்ட் மிச்சம். 2007-இல் இறந்தார்.

வெளிநாட்டில் படித்துவந்தவர் மலையூர்க் கொத்தனார்களிடம் காது கொடுத்தார். நாம் உள்ளூர் ஆசாரியைக் கதவுநிலை வைக்க மட்டும் கூப்பிடுகிறோம். உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்.

உங்கள் மட்டுப்பாவுக்கு மேல் ஷீட் போடும் முன், பழைய ஓட்டு வீடுகளில் வேலை பார்த்த வயதான ஆசாரி ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். சரிவு எவ்வளவு, இறவானம் எவ்வளவு நீள வேண்டும் என்று சொல்வார். ஓடு போட முடியுமா என்றும் கேளுங்கள். அந்த யோசனைக்குப் பேரம் பேசாமல் கூலி கொடுங்கள்.