மகனுக்கு 8 வயது. இரண்டு காதும் துருத்திக்கொண்டு நிற்கின்றன, பள்ளியில் கேலி செய்கிறார்கள். வளர வளரச் சரியாகிவிடுமா, ஆபரேஷன் செய்யலாமா?

சரியாகாது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். 5, 6 வயதிலேயே காது பெரியவர்களின் காதளவை ஏறக்குறைய எட்டிவிடும். அதற்குப் பிறகு முகம் வளர்வதால் கொஞ்சம் எடுப்பாகத் தெரியாமல் போகலாம், அவ்வளவுதான். ராத்திரியில் துண்டு கட்டிப் படுக்க வைத்திருப்பீர்கள், பிளாஸ்டர் ஒட்டிப் பார்த்திருப்பீர்கள். என் அம்மாவும் செய்தார். பெரம்பூரில் வாடகை வீடு, மே மாதம், கரண்ட் வேறு போய்விடும், என் தலையைச் சுற்றி இறுக்கமாக ஒரு துண்டு. காலையில் அவிழ்த்தால் காது சிவந்து சூடாக இருக்கும். பல் தேய்த்து முடிப்பதற்குள் பழையபடி நின்றுவிடும்.

அத்தை ஒருத்தி, "குழந்தையில ஒழுங்கா படுக்க வைக்கல, காது மடிஞ்சுபோச்சு" என்று அம்மாவிடமே சொன்னார். அம்மா அதைக் கடைசி வரை நம்பினார். அது தவறு. பெரும்பாலும் இது பிறவியிலேயே அமைவது, குடும்பத்தில் வருவது. என் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் இதே காதுதான். ஒட்டுவதால் பலன் இருப்பது பிறந்த முதல் சில வாரங்களில் மட்டும். தாயிடமிருந்து வந்த ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குழந்தையின் ரத்தத்தில் இருக்கும்வரை காதுக் குருத்தெலும்பு வளைந்து கொடுக்கும். அப்போது அச்சு வைத்து ஒட்டினால் நிறையக் குழந்தைகளுக்கு வடிவம் திருந்திவிடும். அப்புறம் குருத்தெலும்பு இறுகிவிடும். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் தாமதிக்காமல் டாக்டரைக் கேளுங்கள். 8 வயதுப் பையனைத் துண்டு கட்டி வதைக்க வேண்டாம்.

நான் 2014-இல், என் 26-ஆவது வயதில் செய்துகொண்டேன். ஆம்பளைக்கு எதற்கு அழகு ஆபரேஷன் என்று கேட்பவர்கள் இங்கேயும் வருவார்கள். கல்யாணத்துக்காகச் செய்தேன் என்பார்கள். கல்யாணம் அதற்கு 4 வருஷம் கழித்துத்தான். கடவுள் கொடுத்ததை மாற்றலாமா என்று என் பெரியப்பாவே கேட்டார். அதே பெரியப்பா, பேரனுக்கு 11 மாதத்தில் மண்டபம் பிடித்து, தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, குழந்தை கதறக் கதறக் காது குத்தியவர். அன்று யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. குழந்தைக்கு விருப்பமா என்றும் கேட்கவில்லை. நான் காதில் கத்தி வைத்தது என் சொந்த விருப்பத்தில், என் சம்பளப் பணத்தில்.

ஏன் செய்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். முறக்காது என்ற பட்டப்பெயர் ஒரு காரணம். திருப்பதியில் மொட்டை போட்டுக்கொண்டு ஐந்தாம் வகுப்புக்குப் போன அந்த ஒரு வாரம் இன்னொரு காரணம். ஆனால் மனதில் நிற்பது எங்கள் தெரு சலூன்தான். நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே ஒரு பலகை போட்டு அதன்மேல் என்னை உட்காரவைப்பார்கள். காதோரம் கத்தரிக்கும்போது சலூன்கார அண்ணன் இடது கைக் கட்டைவிரலால் என் காதைத் தலையோடு அழுத்திப் பிடித்துக்கொள்வார். அந்த இரண்டு, மூன்று விநாடி கண்ணாடியில் வேறு ஒரு பையன் தெரிவான். அந்தப் பக்கம் மட்டும். விரலை எடுத்ததும் போய்விடுவான். அவர் அடுத்த காதைப் பிடிக்கும்வரை நான் மூச்சுவிடாமல் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனைப் பார்த்துவிட்டு வருவேன். இதை என் மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

முதல் சந்திப்பில் டாக்டர் ஒரு விசிட்டிங் கார்டை எடுத்துத் தட்டையாகப் பிடித்தார். அப்புறம் நடுவில் லேசாக மடித்தார், விளிம்பு பின்னால் போனது. "உங்க காதுல இந்த மடிப்பு இல்ல, அதை நூல் போட்டு உண்டாக்கப் போறோம்" என்றார். சாதாரணமாகக் காதில் வெளி விளிம்புக்கு உள்ளே இன்னொரு மேடு ஓடும். எங்களைப் போன்ற பலருக்கு அது சரியாக உருவாகாததால்தான் காது விரிந்து நிற்கிறது. சிலருக்குக் காதின் நடுக் குழி ஆழமாக இருந்து காதையே முன்னால் தள்ளும். எனக்கு இரண்டும் இருந்தன. காதுக்குப் பின்னால் தோலைத் திறந்து, குருத்தெலும்பில் கரையாத நூலால் தையல் போட்டு மடிப்பை உண்டாக்குவார்கள். குழியைப் பின்னால் இழுத்துத் தைப்பார்கள். கேட்கும் திறனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

தழும்பு தடித்து வளரும் கெலாய்டு உடம்பா என்று பார்க்கிறேன் என்று கையில் தடுப்பூசித் தழும்பைப் பார்த்தார், காது குத்திய துளையைப் பார்த்தார். பிறகு வலது காதைத் திருப்பி, "பின்னாடி பழைய தழும்பு ஒண்ணு இருக்கே, அடிபட்டதா?" என்றார்.

அது என் கணக்கு வாத்தியார் கொடுத்தது. நீங்கள் கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் விட மாட்டேன். அவர் எல்லோரையும் பிரம்பால் அடிப்பார். என்னை மட்டும் காதைப் பிடித்துத் திருகுவார். "பிடிக்க வாட்டமா வச்சிருக்கான் பாரு" என்று வகுப்பிடம் சொல்வார், வகுப்பு சிரிக்கும். ஏழாம் வகுப்பில் ஒருநாள் பின்னங்காதுத் தோல் கிழிந்து சட்டைக் காலரில் ரத்தம். வீட்டில் கீழே விழுந்தேன் என்று சொன்னேன். அப்போது கேட்க நாதியில்லை. 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு மாணவரை அடிப்பதையும் மனதை நோகடிப்பதையும் சேர்த்தே தடை செய்கிறது. ஆனாலும் "வாத்தியார் நாலு தட்டு தட்டினாத்தான் பசங்க உருப்படுவாங்க" என்று இன்றும் இந்தத் தளத்திலேயே பதில் எழுதுகிறார்கள். அவர்கள் யாராவது என் காதின் பின்பக்கத்தை வந்து பார்க்கட்டும். உங்கள் மகனைக் கேலி செய்பவர்களில் ஆசிரியர் யாரும் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். உண்டென்றால் நேரே போய்ப் பேசுங்கள். அதற்கு ஆபரேஷன் மருந்தில்லை.

அந்தத் தழும்பு தட்டையாக ஆறியிருந்ததால் கெலாய்டு பயம் அதிகமில்லை என்றார் டாக்டர். அன்றைக்கே தேதி குறித்தோம்.

அப்பாவிடம் சொன்னபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "இது எங்கப்பா காதுடா" என்றார். வேறொன்றும் பேசவில்லை. எனக்கு அது உறைக்கச் சில நாள் ஆனது. அவர் தன்னை வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொண்டார். ஆபரேஷன் அன்று நான் கூப்பிடாமலே வந்து, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

பெரியவர்களுக்கு மரத்துப்போகிற ஊசியே போதும், குழந்தைகளுக்குப் பெரும்பாலும் முழு மயக்கம். எனக்கு வலி இல்லை, ஆனால் காதிலேயே வேலை நடப்பதால் எல்லாம் கேட்டது. குருத்தெலும்பில் நூல் இழுபடும் சத்தம், புதுத் துணியில் ஊசி ஏறுவது போல. இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 5 நாள் முண்டாசுக் கட்டு. பிறகு 6 வாரம் ராத்திரியில் மட்டும் டென்னிஸ்காரர்கள் கட்டுவது போன்ற பட்டை. ஹெல்மெட் கூடாது என்பதால் பைக்கை விட்டுவிட்டு, பெரம்பூரிலிருந்து சென்ட்ரல், ரோட்டைத் தாண்டிப் பார்க் ஸ்டேஷன், அங்கிருந்து கிண்டி என்று ரயிலில் போனேன். மொத்தச் செலவு 48 ஆயிரம், 2014 கணக்கு. அழகுக்கான சிகிச்சை என்று இன்சூரன்ஸ் பைசா தரவில்லை, பொதுவாகவே தரமாட்டார்கள்.

குறையையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் விளம்பரம் எழுதுகிறேன் என்பீர்கள். மூன்று மாதம் காது நுனி மரத்திருந்தது. எட்டாவது மாதம் இடது காதுக்குப் பின்னால் ஒரு நூல் முடிச்சு வெளியே தலைகாட்டியது, ஓ.பி.யிலேயே வெட்டி எடுத்தார்கள். அதன்பின் அந்தக் காது சற்றே வெளியே வந்துவிட்டது. உற்றுப் பார்த்தால் இடமும் வலமும் ஒன்றாக இருக்காது. உள்ளே ரத்தம் கட்டுவது, சீழ் பிடிப்பது எல்லாமும் சிலருக்கு நடக்கும். ஆகவே பியூட்டி கிளினிக் தள்ளுபடியைப் பார்த்துப் போகாதீர்கள். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். என்ற மேற்படிப்பு முடித்தவரிடம் போங்கள். சென்னையில் ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைகளிலும் பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவு இருக்கிறது, அங்கே காட்டி ஒரு கருத்துக் கேட்கலாம்.

இதெல்லாம் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. அவனிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. "ஒண்ணுமில்லடா, ராசியான காது" என்று என் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். காது உனக்குத் தொந்தரவா இருக்கா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவனைத் தனியாக உட்காரவைத்து, கேலியைப் பற்றிப் பேசாமல், அதை மட்டும் கேளுங்கள். ஆமாம் என்றால் கோடை லீவில் தேதி வாங்குங்கள், கட்டோடு பள்ளிக்கூடம் போக வேண்டியிருக்காது. இல்லை என்றால் விட்டுவிடுங்கள். எனக்கு 26 வயதில் செய்தார்கள். அவனுக்கு அதற்கு இன்னும் 18 வருஷம் இருக்கிறது.