முழு விலை, அரைவேக்காட்டு கேம்

கோடி கோடியாகக் கொட்டி, வருடக்கணக்கில் உட்கார்ந்து பெரிய கம்பெனிகள் எடுக்கும் கேம்கள் ஏன் வெளியான அன்றே சொதப்புகின்றன? வெளியிடும் முன் யாருமே விளையாடிப் பார்க்க மாட்டார்களா?
*- கல்லூரி மாணவர், நாகர்கோவில்*

விளையாடிப் பார்க்கிறார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு, சலித்துப் போகும் அளவுக்குப் பார்க்கிறார்கள். நீங்கள் முதல் நாள் கண்ட பிழைகளில் பலவும் கம்பெனியின் பட்டியலில் ஏற்கெனவே எண் போட்டு எழுதப்பட்டிருக்கும். அதைச் சரி செய்ய ஆள் வேண்டும், நேரம் வேண்டும், அது கிடைப்பதற்குள் தேதி வந்துவிடுகிறது. அந்தத் தேதியைக் குறிப்பவர் டெஸ்டரும் இல்லை, புரோகிராமரும் இல்லை.

சைபர்பங்க் 2077-ஐயே எடுத்துக்கொள்வோம். போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் 2012-இல் அறிவித்த கேம். 2019-இல் லாஸ் ஏஞ்சலஸ் இ3 கேம் கண்காட்சி மேடைக்கு ஹாலிவுட் நடிகர் கியானு ரீவ்ஸே வந்து 2020 ஏப்ரல் 16 என்று தேதி சொல்ல, கூட்டம் ஆர்ப்பரித்தது. அப்புறம் அது செப்டம்பர் 17 ஆனது, பிறகு நவம்பர் 19, கடைசியில் டிசம்பர் 10. இதில் வேடிக்கை என்னவென்றால், அக்டோபர் தொடக்கத்தில் 'கோல்டு' ஆகிவிட்டது, அதாவது டிஸ்க்கில் அச்சடிக்க வேண்டிய பிரதி தயார் என்று அறிவித்துவிட்டு, அதே மாதக் கடைசியில் இன்னும் 21 நாள் வேண்டும் என்றார்கள். வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டே ஒரே நேரத்தில் 9 பதிப்புகளைத் தயாரித்துச் சோதிக்க வேண்டியிருக்கிறதாம். பழைய கன்சோல் (டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டி), புதிய கன்சோல், பிசி, கூகுளின் ஸ்டேடியா ஆன்லைன் சேவை எல்லாம் அதில் அடக்கம்.

மூன்று தடவை தள்ளிப் போட்டவர்கள் நான்காவது தடவையும் போட்டிருக்கலாமே என்றால், போட்டிருக்கலாம்தான். ஆனால் கம்பெனி வார்சா பங்குச் சந்தையில் இருக்கிறது, ஒவ்வொரு ஒத்திவைப்புக்கும் முதலீட்டாளர் முகம் சுளிப்பார், கிறிஸ்துமஸ் விற்பனை போய்விடும், விளம்பரத்துக்கும் பணம் கட்டியாயிற்று. இதையெல்லாம் விடப் பெரிய விஷயம், வெளியாகும் முன்பே 80 லட்சம் பேர் ப்ரீ-ஆர்டர், அதாவது முன்பதிவு, செய்திருந்தார்கள். டிஜிட்டல் ப்ரீ-ஆர்டர் வருமானம் மட்டுமே கேமை உருவாக்கிய செலவையும் அந்த ஆண்டின் விளம்பரச் செலவையும் தாண்டிவிட்டது என்று கம்பெனியே பெருமையாக அறிவித்தது. போட்ட காசு முதல் நாளே வந்துவிட்ட இடத்தில், இன்னும் ஆறு மாதம் பொறுப்போம் என்று சொல்பவரின் பேச்சு எடுபடுமா?

விளைவை உலகமே பார்த்தது. சோனியின் பழைய கன்சோலான பிஎஸ்4-இல் சாலை ஓரம் மொட்டையாக இருக்கும், பக்கத்தில் போனபின் சாவகாசமாகக் கட்டடத்துக்கு உருவம் வரும். பைக்கில் உட்கார்ந்திருக்க வேண்டிய நாயகன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கால்சட்டைகூட இல்லாமல் சீட்டின் மேல் நின்றபடி ஊர்வலம் போனான். சிரித்துக்கொண்டிருந்தவர்களும் கேம் பாதியில் தானாக மூடிக்கொண்டபோது சிரிப்பை நிறுத்தினார்கள். ஒரே வாரத்தில் சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்தே இதைத் தூக்கிவிட்டு, கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மறுபடி கடைக்கு வந்தது 2021 ஜூனில்.

2021 ஜனவரியில் கம்பெனியின் இணை நிறுவனர் மார்சின் இவின்ஸ்கி வீடியோவில் வந்து மன்னிப்புக் கேட்டார். நீங்கள் சந்தித்த பிரச்சினைகளில் பெரும்பகுதி எங்கள் சோதனையில் தெரியவில்லை என்றார். சில நாளிலேயே ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனத்திடம் பேசிய ஊழியர்கள் வேறு கதை சொன்னார்கள்: பலதும் தெரிந்ததுதான், சரி செய்யத்தான் நேரம் இல்லை. நான் ஊழியர்கள் பக்கம்.

சரி, டெஸ்டர்கள் தேடிப் பார்த்தும் கண்ணில் படாத பக் (பிழை) என்று ஒன்றுமே கிடையாதா?
*- ஐடி ஊழியர், கோயம்புத்தூர்*

உண்டு, நிறைய உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 டெஸ்டர்கள், நாளுக்கு 8 மணி, வருடத்துக்கு 250 நாள் என்றால் மொத்தம் 4 லட்சம் மணி நேரம். சைபர்பங்க் வெளியான அன்று பிசி கேம்களை விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் மட்டும் ஒரே நேரத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விளையாடினார்கள். அந்த 200 பேர் இரண்டு வருடம் முழுக்கப் பார்த்ததைவிட அதிகமாக, அந்தக் கூட்டம் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடும். ஆளாளுக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு, அதை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேர் ஒன்று வேறு.

இன்னொன்றும் இருக்கிறது. கம்பெனிக்குள்ளே கேம் தினமும் மாறிக்கொண்டே இருக்கும், புதிய பில்ட் (புதிதாகத் தயாரித்த பிரதி) வந்தால் பழைய சேவ், அதாவது விட்ட இடத்திலிருந்து தொடர வைக்கும் பதிவு, பல சமயம் செல்லாது. அதனால் ஒரே சேவ் ஃபைலை வைத்துக்கொண்டு நூறு மணி நேரம் விளையாடுவது நம்மைப் போன்றவர்களுக்குத்தான் வாய்க்கும். சைபர்பங்கின் பிசி பதிப்பில் சேவ் ஃபைல் 8 எம்பி-யைத் தாண்டினால் கெட்டுப்போகும் என்பது வெளியான பிறகே ஊருக்குத் தெரிந்தது. கண்ணில் பட்ட துப்பாக்கி, சட்டை, குளிர்பானம் எதையும் விடாமல் மூட்டை கட்டிய ஆட்கள்தான் மாட்டினார்கள். அதைச் சில நாளில் பேட்ச், அதாவது இன்டர்நெட்டில் அனுப்பும் திருத்தம், போட்டு முடித்துவிட்டார்கள். இந்த வகைப் பிழையை நான் மன்னித்துவிடுவேன். பிஎஸ்4-இல் ஓடவே திணறியதை மன்னிப்பதற்கில்லை, அதைக் கண்டுபிடிக்க 10 லட்சம் பேர் தேவையில்லை, ஒரு பிஎஸ்4 போதும்.

சோனியும் மைக்ரோசாஃப்ட்டும் சோதித்துச் சான்றிதழ் கொடுத்த பிறகுதானே கேம் கடைக்கு வருகிறது?
*- வாசகர், யாழ்ப்பாணம்*

ஆமாம், அந்தச் சோதனை இருக்கிறது. ஆனால் அவர்கள் பார்ப்பது வேறு: கன்ட்ரோலரைப் பிடுங்கினால் கேம் நிற்கிறதா, சேவ் ஆகும்போது எச்சரிக்கை காட்டுகிறதா, கன்சோலையே தொங்க வைக்கிறதா, இப்படி. கதை பாதியில் அறுந்து நிற்கிறதா, எதிரி சுவருக்குள் சிக்கிக்கொண்டானா என்பது அவர்கள் கவலை இல்லை. தவிர, மிச்சத்தை வெளியாகும் நாளுக்குள் பேட்ச்சில் சரி செய்துவிடுவோம் என்று கம்பெனி சொன்னால் நம்பி விட்டுவிடுவதும் உண்டு. சைபர்பங்க் விஷயத்திலும் அந்த நம்பிக்கையில்தான் விட்டிருப்பார்கள் என்று கம்பெனித் தலைமையே முதலீட்டாளர்களிடம் சொன்னது.

விமர்சனத்தில் 90 மார்க் என்று பார்த்துத்தான் வாங்கினேன். விமர்சகர்களும் உடந்தையா?
*- வாசகர், சேலம்*

சைபர்பங்கைச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். விமர்சகர்களுக்கு முன்கூட்டிப் போனது பிசி பதிப்பு மட்டும். பழைய கன்சோல் பதிப்பு யார் கையிலும் கொடுக்கப்படவில்லை, தாங்கள் விளையாடிய காட்சியைப் பதிவு செய்து காட்டவும் முதலில் அனுமதி இல்லை. 2014-இல் யூபிசாஃப்ட்டின் அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டி வந்தபோது, கேம் விற்பனைக்கு வந்து மணிக்கணக்கான பிறகே விமர்சனம் வெளியிடலாம் என்று கட்டுப்பாடு. முகத்தோல் இல்லாமல் கண்ணும் பல்லும் மட்டும் மிதந்த கதாபாத்திரங்களை மக்கள் காசு கொடுத்துத்தான் கண்டுகொண்டார்கள். விமர்சனத்தை எவ்வளவு தாமதப்படுத்துகிறார்கள் என்று பாருங்கள், மார்க்கைவிட அது அதிகம் சொல்லும்.

இன்டர்நெட் இல்லாத அந்தக் காலத்தில் இப்படி இல்லையே!
*- பழைய வீடியோ கேம் பிரியர், மதுரை*

1982 கிறிஸ்துமஸுக்கு அடாரி என்ற அமெரிக்க கேம் கம்பெனி, இ.டி. என்ற கேமைச் சுமார் ஐந்து வாரத்தில் எழுத வைத்து விற்றது. விற்காமல் தேங்கிய கார்ட்ரிட்ஜ்களோடு மற்ற சரக்கையும் சேர்த்து நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ குப்பைமேட்டில் புதைத்தார்கள், 2014-இல் தோண்டியும் எடுத்தார்கள். அவசரம் புதிதில்லை, பேட்ச்தான் புதிது.

கேம் டெஸ்டர் வேலைக்குப் போகலாமா? விளையாடச் சம்பளம் என்கிறார்களே.
*- பொறியியல் மாணவி, திருச்சி*

ஒரு கிடங்கின் சுவர் முழுக்க நாலு நாள் முட்டிக்கொண்டே நடக்க வேண்டும், எங்காவது ஆள் உள்ளே நுழைந்துவிடுகிறானா என்று. நுழைந்தால் எந்த இடம், எந்தப் பக்கம் திரும்பியிருந்தான், பத்துத் தடவையில் எத்தனை தடவை நடக்கிறது என்று எழுத வேண்டும். எழுதியதற்கு, பரவாயில்லை விட்டுவிடலாம் என்று பதில் வரும். அதே பிழை யூடியூபில் வைரலானால், டெஸ்டர்கள் என்ன செய்தார்கள் என்று ஊர் கேட்கும். இதைப் பொறுக்க முடியும் என்றால் போங்கள்.

ஆனால் பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான். அமெரிக்காவில் கால் ஆஃப் டியூட்டி கேமுக்கு வேலை செய்யும் ரேவன் சாஃப்ட்வேரில் 2021 டிசம்பரில் டெஸ்டர்கள் சிலரை வேலையை விட்டு அனுப்ப முடிவெடுத்தபோது மற்ற டெஸ்டர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி சங்கமே அமைத்தார்கள்.

மகன் ஏதோ கேமுக்கு முன்பதிவு செய்ய 4000 ரூபாய் கேட்கிறான். கொடுக்கலாமா?
*- குடும்பத்தலைவி, தஞ்சாவூர்*

கொடுக்காதீர்கள் அம்மா, இப்போது வேண்டாம். டவுன்லோட் செய்யும் சரக்கு தீர்ந்து போகாது. வெளியாகி ஒரு மாதம் கழித்துக் கேட்கச் சொல்லுங்கள், விலையும் இறங்கியிருக்கலாம், பிழையும் குறைந்திருக்கும். அவன் விடவில்லையென்றால், கம்ப்யூட்டருக்காக இருந்தால் ஸ்டீமில் வாங்கச் சொல்லுங்கள்: வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்ப வரும். அதிலும் ஒரு சிக்கல் பாருங்கள். 2023-இல் பிசிக்கு வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் முதல் பாகத்தைத் திறந்தால், காட்சியை வரையும் சிறு நிரல்களான ஷேடர்களைத் தயார் செய்யவே பலருக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஓடியது. அந்த நேரமும் அந்த 2 மணிக் கணக்கில்தான் சேரும்.

இத்தனை திட்டுகிறீர்கள், சைபர்பங்க் இப்போது வாங்கலாமா?
*- வாசகர், திண்டுக்கல்*

தாராளமாக. 2023 செப்டம்பரில் வந்த 2.0 பேட்ச் சண்டை, போலீஸ், திறன்கள் எல்லாவற்றையும் திருத்தி எழுதிவிட்டது, இப்போது அருமையான கேம். பிசி, பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் வைத்திருந்தால் வாங்குங்கள். பழைய கன்சோல்களான பிஎஸ்4-க்கும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் அந்த 2.0 வரவே இல்லை, முதல் நாள் அதிகம் அவதிப்பட்டவர்கள் அவர்கள்தான். பிஎஸ்4-இல் வாங்கியவர்கள் பிஎஸ்5 பதிப்புக்கு இலவசமாக மாறிக்கொள்ளலாம். பிஎஸ்5-ஐத்தான் காசு கொடுத்து வாங்க வேண்டும்.